பேருக்கு ஒரு ஞானஸ்நானம்

"பேருக்கு ஒரு ஞானஸ்நானம் எடுத்துக்கோம்மா" என்று என் தம்பி மனைவியிடம் நான்தான் சொன்னேன். சிதம்பரத்தில், அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், அவள் போட்டுத் தந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அப்போது நான் ஏழு மாத கர்ப்பிணி. சொன்ன வார்த்தை எனக்கே அன்று காதில் சரியாக விழவில்லை. பேருக்கு என்றால் எங்கள் பக்கம் ஒப்புக்கு என்று அர்த்தம். பேருக்கு ஒரு வாய் சாப்பிட்டான், பேருக்கு வந்து தலையைக் காட்டினான் என்போம். ஞானஸ்நானத்திலோ ஒரு ஆளுக்குப் பேர் வைத்து, அந்தப் பேரைச் சொல்லித்தான் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள் நான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் பேருக்கு என்ற சொல்லை ஒட்டவைக்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தாய்வீடு என்று எனக்கு இருந்தது தம்பி மட்டும்தான். அவன் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறான். கூடப் படித்த பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொண்டான். அவள் இந்துக் குடும்பத்துப் பெண். அவள் அப்பா தங்கள் கோயிலில் வைத்துத் தாலி கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் நம்பாத சடங்கில் உட்கார்ந்து நம்புகிற மாதிரி நடிக்க மாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். அப்படியானால் உங்கள் கோயிலிலும் நான் நடிக்க மாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பதிவு அலுவலகம் போய் மாலை மாற்றிக்கொண்டார்கள். நானும் என் கணவரும் சாட்சியாகப் போனோம். அன்று எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும் இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

எங்கள் குடும்பங்களில் முதல் பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பனாக நிற்பான். ஞானத்தகப்பன் என்றால் ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்கிற ஆள். பிள்ளையின் விசுவாசத்துக்கு அவர் துணை என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். என் மனதில் இருந்தது அவ்வளவு உயர்வான எண்ணம் இல்லை. என் பிள்ளைக்கு என் பக்கத்து ஆள் ஒருவர் கோயிலில் முன்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. கணவர் வீட்டில் அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா என்று இரண்டு வேன் நிறைய வருவார்கள். என் பக்கம் அவன் ஒருத்தன்.

அதற்காகத்தான் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். அவர் வயதானவர், கடுமையானவர் இல்லை. பூசை முடிந்து அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி கல்யாணம் கோயில்ல நடக்கல, இல்லியாம்மா?"

"இல்ல ஃபாதர். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல."

"அப்ப அவரு ஞானத்தகப்பனா நிக்க முடியாதே. திருச்சபை ஒழுங்குப்படி கல்யாணம் ஆனவங்கதான் நிக்கணும். அது நம்ம கையில இல்ல."

என் முகத்தைப் பார்த்து அவராகவே சொன்னார்.

"அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துட்டா சுலபம். கோயில்லயே கல்யாணத்த சரி பண்ணிடலாம். உன் தம்பியும் முன்னாடி வந்து நிப்பாரு."

"சரிங்க ஃபாதர்" என்றேன்.

சுலபம் என்றாரா, அதுதான் முறை என்றாரா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். சுலபம் என்றுதான் சொன்னதாக ஞாபகம். ஆனால் கோயில் வாசலில் செருப்பைத் தேடி மாட்டும்போதே அது எனக்குள் கட்டாயம் ஆகிவிட்டிருந்தது. எங்கள் பங்கில் சாமியாரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அவர் சொல்லும் முதல் வாக்கியத்துக்கு சரிங்க ஃபாதர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நானும் அப்படித்தான் வந்தேன். சுலபம் இல்லாத வழி ஏதாவது இருக்கிறதா ஃபாதர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பைக்கில் போகக்கூடாது என்று கணவர் சொன்னதால் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராக நின்று போன பஸ். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அவள் ஃபேனை என் பக்கம் திருப்பினாள், காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். எனக்கு வளைகாப்பு போட்டதும் அவள்தான். நாத்தனாருக்கு வளையல் போட யாரிடமோ கேட்டுக் கேட்டு எல்லா முறையையும் கற்றுக்கொண்டு வந்து செய்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டாள்.

"அங்க என்ன கேப்பாங்க அண்ணி?"

"கடவுள விசுவசிக்கிறியா, இயேசுவ விசுவசிக்கிறியா, திருச்சபைய விசுவசிக்கிறியான்னு கேப்பாங்க. விசுவசிக்கிறேன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் வகுப்பு இருக்கும். அதுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அவள் டீ டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு உங்க இயேசுவ பிடிக்கும் அண்ணி. உங்க தம்பி அவரப் பத்தி பேசுறதெல்லாம் கேட்டிருக்கேன். ஆனா விசுவசிக்கிறேனான்னு கேட்டா எனக்குத் தெரியல. தெரியாம எப்படி ஆமான்னு சொல்றது? அதும் கோயில்ல வச்சு."

"எல்லாரும் தெரிஞ்சா சொல்றாங்க? போகப் போக வரும்மா. பேருக்கு ஒரு ஞானஸ்நானம் எடுத்துக்கோ. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த நேரத்தில்தான் தம்பி சாப்பாட்டுக்கு வந்தான். படியிலேயே கடைசி வார்த்தை அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"இன்னாக்கா, மறைக்கல்வி கிளாஸ இங்கயே கொண்டாந்துட்டியா? பெஞ்சு மட்டும் லாரில வருதா?"

"சும்மா இருடா. நான் உனக்காகத்தான் வந்திருக்கேன்."

"எனக்காகன்னா எங்கிட்டல்ல பேசணும்? அவகிட்ட பேசுற."

சாமியார் சொன்னதைச் சொன்னேன். அவன் கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, இவ நம்பலன்னா நம்பலன்னு சொல்றவ. அதுக்காகத்தான் இவள கட்டினேன். இவளப் போய் சாமி முன்னாடி நின்னு நம்பறேன்னு சொல்லுன்னு நானே சொன்னா, அப்புறம் இவ சொல்ற எத நான் நம்பறது?"

"ஒரு வார்த்தைடா."

"ஒரு வார்த்தைதான். நீ அந்த வார்த்தைய வச்சுதான் வருஷம் பூரா கிளாஸ் எடுக்குற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மாதங்களில் எதற்கெடுத்தாலும் வரும். ஆனால் அன்று நான் அதை அடக்கவில்லை, அது வேலை செய்யும் என்று எனக்குள் ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. "எனக்குன்னு யாருடா இருக்கா? எனக்காக ஒரு வார்த்த சொன்னா அவ கொறஞ்சா போயிருவா?" என்று கேட்டேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். "உங்களுக்காக வேற எது வேணும்னாலும் செய்யறேன் அண்ணி" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தம்பி கூட வந்து ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் கிளம்புகிற வரைக்கும் வெளியே நின்றான்.

வீட்டில் கணவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் முடியாதுன்னா விடு. எங்க பெரியப்பா பையன் பண்ருட்டில இருக்கானே, அவன நிக்க வைக்கலாம். கல்யாணமெல்லாம் கோயில்ல நடந்ததுதான், சாமியாரு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அதற்கும் நான் சரி என்றேன்.

மகள் பிறந்து ஞானஸ்நானம் வைத்த அன்று பண்ருட்டிக்காரர் முந்திரி லோடு ஏற்றிவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்தார். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, சொந்தத்தில் கல்யாணம் சாவு வந்தால் ஒரு தடவை கோயிலுக்கு வருவார். "என்னம்மா சொல்லணும் அங்க? முன்னாடியே சொல்லிடு, உளறிடப் போறேன்" என்று என்னிடம் கேட்டார். "ஃபாதர் கேக்கறதுக்கெல்லாம் விசுவசிக்கிறேன்னு சொல்லுங்க" என்றேன். "இவ்ளோதானா, நான்கூட பாட்டு பாடச் சொல்வாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். சாமியார் கேட்டபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் எதை அவளிடம் கேட்டேனோ அதைத்தான் அவர் செய்தார், அதுவும் சிரித்த முகமாக.

தம்பியும் அவன் மனைவியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அங்கே அவன் வரலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் சும்மா இருப்பதுதான் மரியாதை என்று எனக்குப் பழக்கம். மற்றவர்கள் எழுந்தபோது அவள் எழுந்தாள், முழங்காலிட்டபோது அவள் தலையை மட்டும் குனிந்துகொண்டாள். எப்படி இருந்தால் பொய் ஆகாது என்று அவளாகவே ஒரு அளவு வைத்திருந்தாள் போலிருக்கிறது. தம்பி விருந்து சாப்பிட்டான். பிள்ளைக்குக் கையில் ஒரு மெல்லிய காப்பு போட்டான். "வரேங்க்கா, வரேன் மாமா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனான்.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது தினமும் போன் செய்வான். இன்று ஒரு கிழவர் ரத்தம் எடுக்கிற ஊசியைப் பார்த்து என்ன சொன்னார் என்றெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பான். அது ஞாயிற்றுக்கிழமை போன் ஆயிற்று. பிறகு "நல்லாருக்கியா, பாப்பா நல்லாருக்கா" என்று ஆயிற்று. அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். போய்ப் பார்த்தோம். ஞானஸ்நானம் எப்போது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவனும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு இரண்டாவதாக மகன் பிறந்தான். இந்தத் தடவை ஞானஸ்நானத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். முதலில் மழை, பிறகு மாமனாருக்குக் கண் ஆபரேஷன், பிறகு என் உடம்பு என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் எனக்கு மட்டும் தெரியும். மறுபடியும் ஞானத்தகப்பன் யார் என்று யாராவது கேட்பார்கள், நான் மறுபடியும் யாரோ ஒருவரின் பேரைச் சொல்ல வேண்டும். மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்குற, உம்புள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அப்போதுதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கடலூரிலேயே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணவர் வேலைக்குப் போயே ஆக வேண்டிய நாள். மாமியார் மகளைப் பார்த்துக்கொண்டார். தம்பியிடம் சொன்னேன். அவனால் உடனே வர முடியவில்லை, அவன் மனைவி கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பிள்ளையின் உடம்பு அடுப்பங்கல் மாதிரி இருந்தது. நர்ஸ் வந்து பார்ப்பதும் போவதுமாக இருந்தாள். கேட்டால் "டாக்டர் வருவாங்க" என்பாள்.

எங்கள் பாடத்தில் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு உயிருக்கு ஆபத்து என்றால் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை எதை நினைத்துச் செய்கிறதோ அதை நினைத்துச் செய்தால் போதும், செல்லும். பிள்ளைகள் இதைக் கேட்டதும் எப்போதும் ஆச்சரியப்படுவார்கள். "டீச்சர், இந்து நர்ஸ் குடுத்தாகூடவா?" என்பார்கள். ஆமாம் என்பேன்.

மேசையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியாமல் போனால் எதிரில் இருக்கிற இவளிடம் சொல்லலாம், இவள் தடுமாற மாட்டாள் என்று தோன்றியது. இவள் விசுவசிக்கிறேனா என்று தெரியவில்லை என்று சொன்னவள். ஆனால் இவளிடம் இதை இப்படிச் செய் என்று சொன்னால் சொன்னபடி, அது என்னவோ அதையே நினைத்து, உண்மையாகச் செய்வாள். அவள் ஊற்றும் தண்ணீரைத் திருச்சபை ஏற்றுக்கொள்ளும். இவளைக் கட்டியதற்காக என் தம்பி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். இதில் ஏதோ ஒன்றை நான் சரியாகப் படிக்கவில்லை என்று முதல் முறையாக எனக்குத் தோன்றியது. சட்டம் தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அறிவும் போதாது. அந்தச் சட்டத்தை நான் முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை.

"என்ன அண்ணி, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன்.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. அவள்தான் முதலில் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளை தேறியதும் சாமியாரைப் பார்க்கப் போனேன். பழையவர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். உட்காரச் சொன்னார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்தே ஆகணும்னு யாரும்மா சொன்னாங்க?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிஷப்கிட்ட அனுமதி வாங்கினா கோயில்லயே கல்யாணத்த சரி பண்ணலாமே. அவுங்க நம்பிக்கை அவுங்களோட. உங்க தம்பி மட்டும் ஒரு வாக்கு குடுக்கணும். புள்ளைங்கள நம்ம விசுவாசத்துல வளக்க என்னால ஆனத செய்யறேன்னு."

"அப்ப என் தம்பி ஞானத்தகப்பனா நிக்கலாமா ஃபாதர்?"

"நிக்கலாமே. முன்னாடியே செஞ்சிருந்தா உங்க பொண்ணுக்கே நின்னிருக்கலாம்."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வாக்குதான் இடிக்குதுக்கா" என்றான் கடைசியில். "அப்பவே இந்த வழி தெரிஞ்சிருந்தா உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்போம். குடுத்திருந்தாலும் குடுத்திருப்பேன். வழியே இல்லன்னு நெனச்சுதான் நாங்க வேற முடிவு எடுத்தோம். பையன் வளந்ததும் அவனே பாத்து தேர்ந்தெடுக்கட்டும், நானும் இழுக்க மாட்டேன், நீயும் இழுக்காதன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவளும் அவுங்க வீட்ல அதச் சொல்லி பேச்சு வாங்கிக்கிட்டு உறுதியா நிக்கிறா. இப்ப நான் போயி சாமியாருகிட்ட வேற ஒண்ணு சொல்லவா?"

"வேணாம்டா" என்றேன். இந்தத் தடவை அழவில்லை. அழுதால் அவன் என்ன செய்வான் என்று தெரிந்திருந்ததால் அழவில்லை.

மறுபடியும் சாமியாரிடம் போனேன். இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். ஞானத்தகப்பன் இல்லாமல் ஞானத்தாய் மட்டும் இருந்தால் போதுமா? ஒருவர் போதும் என்றார். கணவரின் தங்கை ஞானத்தாயாக நிற்கட்டும் என்று முடிவு செய்தோம். மூன்றாவதாகவும் ஒன்று கேட்டேன். பிள்ளையின் மாமா ஒன்றும் சொல்லாமல், ஒரு பொறுப்பும் ஏற்காமல், சும்மா எங்கள் பக்கத்தில் நிற்கலாமா?

"கோயில்ல நிக்கறதுக்கு யாரும்மா பெர்மிஷன் கேப்பாங்க?" என்று சிரித்தார்.

கடைசி பெஞ்சு அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. என் மகளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி, வாடா இங்கே என்று நான் கூப்பிட்டிருந்தால் அந்தப் பழைய சாமியாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

தம்பியிடம் சொன்னபோது, "அன்னைக்கு பின்னாடி உக்காந்தேன். இப்ப முன்னாடி வான்றே. ரெண்டும் நீயேதான் முடிவு பண்றக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் சிரித்தான்கூட. பிறகு, "பாக்கறேன்" என்றான்.

அவனை இனிமேல் வற்புறுத்தக் கூடாது என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒருவன் முடியாது என்றால் முடியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அழுதோ கெஞ்சியோ ஒரு வார்த்தையைப் பிடுங்கக் கூடாது. இதைத்தானே நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் நாள், நேரம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அதோடு விட்டுவிட்டேன். போன் செய்ய வேண்டும் என்று கை போகும்போதெல்லாம் அடக்கிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது.

பூசைக்கு அவன் வரவில்லை. கடைசி பெஞ்சிலும் இல்லை. நான் பீடத்துக்கு முன்னால் நின்றபடி இரண்டு மூன்று தடவை திரும்பி வாசலைப் பார்த்தேன். சாமியார் மகன் தலையில் தண்ணீர் ஊற்றினார், அவன் வீரிட்டு அழுதான், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கணவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தோம். போட்டோ எடுக்க வந்தவர், "சார், கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, கேப் தெரியுது" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாததால் ஒட்டி நின்றுகொண்டார்.

விருந்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். தம்பி வந்ததும் நேராகப் பந்திப் பக்கம் போய்ப் பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான். "மாமா, இலைக்கு ரெண்டு பீஸ் வச்சா பின்னாடி வர்றவங்களுக்கு நாம என்னத்த போடறது?" என்று என் கணவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் அவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து இலை போட்டேன். அவள் மகன் அவள் மடியில் இருந்து தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான்.

"வரமாட்டான்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் நான் ஜாஸ்தி கேக்கல" என்றேன், துடைத்துக்கொண்டே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. ஆனால் அவள் எதையும் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"வரணும்னுதான் அண்ணி இருந்தாரு. சட்டையெல்லாம் அயர்ன் பண்ணி வச்சிருந்தாரு. காலைல கெளம்பி செருப்பு மாட்டிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. நேரமாச்சே, பஸ்ஸ விட்டுருவோமேன்னேன். அக்கா இன்னொரு தடவ கூப்புடுவான்னாரு. நீங்க கூப்புடவே இல்ல."

பந்தியின் மறுகோடியில் தம்பி யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தான். போய் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அவள் இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "குழம்பு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பக்கத்தில் இருந்த காலி வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.